கேள்வின்னு பேர் வெச்சேன்

நான் திரும்பித் திரும்பிப் பாக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. உங்க பையை ஒண்ணும் பாக்கலை. பின்னால அந்த நீலச் சட்டைக்காரர் இருக்காரே, அவர் கும்பகோணத்துல எனக்கு அப்புறம்தானே ஏறினாரு? இல்லையா? எனக்கு முன்னாடியே உக்காந்திருந்தாரா? நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு? அப்ப சரி. அப்ப சரி. இப்பதான் மூச்சே வருது.

எனக்கு அப்படித்தான். பயந்த சுபாவம். லிஃப்டுல ஏற மாட்டேன். போன் அடிச்சா சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் எடுப்பேன். எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, "குமுதா, நீ பல்லியைப் பாத்துப் போடற கூச்சல்ல பல்லிக்கே மாரடைப்பு வந்துடும்"னு. அவர் தைரியசாலி. திருஞானம்னு பேரு. பால் சொசைட்டியில மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவரு.

என்ன, என் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும். ரேடியோவுல அறிவிப்பாளரா இருந்தேன். "அடுத்து நீங்கள் கேட்கவிருப்பது கர்நாடக இசை"ன்னு காலையில ஒரு பொம்பளைக் குரல் வருமே, அது நான்தான். அந்த ஒரு இடத்துல மட்டும் எனக்குப் பயம் கிடையாதும்மா. மைக்குக்கு ஏது முகம்? முகம் இருக்கிற எதைப் பாத்தாலும் எனக்குப் பயம்தான்.

இப்ப கம்பெனி வெச்சிருக்கேன். பாட்டுக் கம்பெனி. சங்கீதத்தைப் பதிவு பண்ணி வெளியிடற கம்பெனி. சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. தைரியமா ஒருத்தர் கம்பெனி ஆரம்பிப்பாங்க. நான் பயந்து பயந்தே ஆரம்பிச்சுட்டேன்.

வசுமதின்னு ஒரு பொண்ணும்மா. பாடகி. பம்மல்ல அம்மாவோட இருக்கா, அப்பா இல்லை. சின்னப் பொண்ணா எங்க நிலையத்துக்குப் பாட வந்தப்ப நான்தான் அறிவிப்பு. பாடறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கை ஐஸ் மாதிரி இருந்துது. "அக்கா, பயமா இருக்கு"ன்னா. அட, நம்ம இனம்னு அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. ஆனா சுருதி சேத்து வாயைத் திறந்தா பாருங்க, பயத்தையெல்லாம் என் கையில குடுத்துட்டு அவ பாட்டுக்குப் பாடறா. நான்தான் நடுங்கிக்கிட்டு நிக்கறேன்.

அவளுக்கு ஒரு குரு. பேர் கேக்காதீங்க. பஸ்ஸுல சொல்ல மாட்டேன். பெரியவர்னு வெச்சுக்குங்களேன். நாடே கொண்டாடற மனுஷன். மேடையில உக்காந்தா விபூதியும் வைரக் கடுக்கனுமா சாமி மாதிரி இருப்பாரு. நானே எத்தனையோ தடவை அவரை அறிவிச்சிருக்கேன், வாய் நிறைய. போன ஐப்பசியில சங்கீதக்காரங்க கூட்டம் ஒண்ணுல இந்தப் பொண்ணு எழுந்து நின்னுட்டா. பாடத்துக்குன்னு வரச் சொல்லி, மத்தப் பிள்ளைங்களை அனுப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு அவர் என்ன பண்ணாருன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. அப்புறம் ஒருத்தர் எழுந்து, "அடுத்த தீர்மானத்துக்குப் போகலாம்"னாராம்.

மார்கழி கிட்ட வந்துது. மெட்ராஸ்ல மார்கழின்னா தெரியுமில்ல, தெருவுக்குத் தெரு கச்சேரி. இவளுக்கு ஒண்ணு ஒண்ணாக் கழண்டுது. ஒரு சபாவுல ஹால்ல மராமத்துன்னாங்க. இன்னொரு சபாவுல, "இந்த வருஷம் புதுப் பிள்ளைங்களுக்கு வாய்ப்புக் குடுக்கறோம்"னாங்க. இவளைப் பதிவு பண்ணி வெளியிடறேன்னு ஒப்புக்கிட்டிருந்த ஒரு பெரிய கம்பெனி இருந்துது. அங்க போன் போட்டா எடுக்கறதே இல்லை. நேர்ல போனா, மீட்டிங்ல இருக்காருங்கறாங்க.

ஒரு நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தா. கூடத்துல உக்காந்தா. நான் காப்பி குடுத்தேன். குடிக்கலை. ஆடை படியறதையே பாத்துக்கிட்டு இருந்தா. "அக்கா, இனிமே என் பாட்டை யாரும் போட மாட்டாங்க"ன்னா. அழுதிருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன். அவ அழலை. அப்புறம் பேசவும் இல்லை. எனக்கு மௌனம்னா உயிரே போயிடும்மா. ரேடியோக்காரங்களுக்கு அப்படித்தான். ஒலிபரப்புல சத்தம் நின்னா வேலை போயிடும், ஏதாவது சொல்லி நிரப்பியாகணும். நிரப்பறதுக்குச் சொன்னேன். "நான் போடறேன்"னேன்.

அவ்வளவுதான். யோசிச்செல்லாம் சொல்லலை. அவ நிமிந்து பாத்தா. ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சுல குடிச்சா.

அவ போனதும் வாசக்கதவைத் தாப்பாப் போட்டேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "பைத்தியமா உனக்கு? அந்த மனுஷன் கண்ணசைச்சா மெட்ராஸ்ல ஒரு தம்புராக்கூட சுருதி சேராது. போய் முடியாதுன்னு சொல்லிட்டு வா"ன்னாரு. மறுநாளே பம்மலுக்குக் கிளம்பினேன். வழி நெடுக ஒத்திகை பாத்துக்கிட்டே போறேன். "வசு, தப்பா எடுத்துக்காதேம்மா, எனக்கு வயசாச்சு, பிரஷர் இருக்கு..." கதவைத் திறந்தது அவ அம்மா. கோமளான்னு பேரு. ஒல்லியா, காத்தடிச்சா விழுந்துடற மாதிரி இருப்பாங்க. என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

"நேத்திக்குத்தான் குழந்தை ரெண்டு வாய் சாப்பிட்டா. அவராத்துல நடந்ததை நாங்க சொன்னப்போ நம்பின முதல் மனுஷி நீங்கதான்"னாங்க.

எந்த வாயால முடியாதுன்னு சொல்றது? சொல்லலாம்தான். தைரியம் இருக்கிறவங்க சொல்லியிருப்பாங்க. எனக்கு அந்த அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லப் பயம். அதனால, "என்னென்ன பாடலாம்னு பேசத்தான் வந்தேன்"னேன். இப்படித்தாம்மா கம்பெனி ஆரம்பமாச்சு. ஊர்ல வேற மாதிரி சொல்லிக்கறாங்க. குமுதவல்லி வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கிட்டா, பெரியவரையே எதுத்துக்கிட்டான்னு. நான் யாரையும் எதுக்கலை.

பேர் வைக்கணும்னாங்க. நம்ம பேரோ ஊரோ அதுல இல்லாம, கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி ஒரு பேரா இருக்கட்டும்னு நினைச்சேன். கேள்வி ஞானம்னு சொல்வோமில்ல? யாரும் உக்கார வெச்சுச் சொல்லித் தராம, காதால கேட்டே கத்துக்கிறது. எனக்கு இருக்கிற சங்கீதமெல்லாம் அதுதான். அதனால "கேள்வி"ன்னு வெச்சேன். சாதுவான பேருன்னுதான் வெச்சேன். "கேள்வி வெளியீடு, முதல் பாடகர் வசுமதி"ன்னு அறிவிப்புப் போட்டதும் எல்லாரும் என்னைக் கூப்பிட்டு, "பலே, பேர்லயே போட்டீங்களே ஒரு போடு! கேக்க வேண்டிய கேள்வி!"ங்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஐயையோ, நான் காதால கேக்கறதைச் சொன்னேன், இவங்க வாயால கேக்கறதா எடுத்துக்கிட்டாங்களேன்னு. பேரை மாத்தலாம்னா, பதிவு பண்ணியாச்சு.

அறிவிப்பு வந்த வாரமே அவர் வந்துட்டாரு. பெரியவர் இல்லை, அவரோட பொண்ணைக் கட்டின மருமகன். சபாவெல்லாம் இவர் சொன்னபடிதான் நடக்கும். நான் திட்டுவாரு, கத்துவாருன்னு எதிர்பாத்தேன். அப்படி வந்திருந்தா பரவாயில்லையே. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசல்லயே செருப்பைக் கழட்டி ஓரமா, ஒழுங்கா வெச்சாரு. எங்க வீட்டுக்காரர், "நான் இருக்கேன், பயப்படாதே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தவரு. அந்த நேரம் பாத்து அவருக்கு லைப்ரரியில ஒரு புத்தகம் திருப்பிக் குடுக்க வேண்டியது ஞாபகம் வந்துடுச்சு. கொல்லைப்பக்கமாப் போயிட்டாரு. அவசரம் போல.

"மேடம், உங்க குரலைக் கேட்டு வளந்தவன் நான். இஸ்கூலுக்குக் கிளம்பறச்சே உங்க குரல்தான் எங்காத்துல கடிகாரம்"னாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த அலைச்சல்?"னாரு. சுவத்துல எங்க பொண்ணு பூங்கோதை ஆடற படம் மாட்டியிருக்கும். அதைப் பாத்தாரு. "பொண்ணுதானே? நாட்டியம் சொல்லித் தராங்க, அந்த அடையாறு இஸ்கூல்லதானே? நல்ல இஸ்கூல். கரஸ்பாண்டென்ட் நமக்கு ரொம்ப வேண்டியவர். ஒரு தொந்தரவும் வராம பாத்துப்பாரு"ன்னாரு.

அவ்வளவுதாம்மா சொன்னாரு. கும்பிட்டாரு. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. கெட்ட வார்த்தை ஒண்ணு உண்டா? இல்லை. ஆனா அந்தத் தம்ளரைத் தேச்சுத் தேச்சுக் கழுவறேன், அது சுத்தமாகவே மாட்டேங்குது.

பூங்கோதைக்குப் போன் போட்டேன். "இந்தக் கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம், உன் வேலைக்கு உலை வெச்சுடுவாங்கடி"ன்னேன். அவ, "அம்மா, என் வேலையைச் சாக்கு வெச்சு நீ இதை விட்டேன்னா நான் உன்கிட்ட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்"னா. அவ சொன்னா செய்வா. சின்னதுல ஒரு தடவை கோவிச்சுக்கிட்டுப் பொங்கலன்னிக்குக்கூடப் பேசலை. இப்ப நான் எந்தப் பக்கம் போறது சொல்லுங்க? இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் இவ. ரெண்டு பயம். பெத்த பொண்ணு பேசாம போயிடுவாளோங்கிற பயம்தான் பெருசா இருந்துது. அதனால பதிவை நடத்தறதுன்னு ஆச்சு. இதுல என் தைரியம் எங்க இருக்கு?

ஸ்டுடியோ பேசியிருந்தோம், சாலிகிராமத்துல. முந்தின நாள், "மெஷின் ரிப்பேர்"னுட்டாங்க. வயலின் வாசிக்கறேன்னு சொல்லியிருந்த பொண்ணு, மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னுட்டா. மிருதங்கக்காரப் பையன் மட்டும் நேர்ல வந்தான். சபேசன்னு பேரு. நல்ல பையன். உள்ள வரலை. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"அக்கா, சீசன் பூரா அவங்க போட்ட கச்சேரிதான். எனக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு"ன்னான்.

"போயிட்டு வாப்பா, ஒண்ணும் நினைக்கலை"ன்னேன். நெசமாவே நினைக்கலை. அவன் பயம் எனக்குத் தெரியாதா? கண்ணைத் தொடச்சுக்கிட்டு வண்டியைக் கிளப்பப் பாத்தான். ரெண்டு உதையில கிளம்பலை. தள்ளிக்கிட்டே போனான்.

அப்பாடா, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இடம் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. யாரும் நம்மளைக் குத்தம் சொல்ல முடியாது. வசுமதிகிட்ட சொன்னேன். அவ, "அம்மா தம்புரா போடுவா. அது போதும்"னா. "வெறும் தம்புராவோடயா? யாரு கேப்பாங்க?"ன்னேன். "நீங்க கேப்பேளே"ன்னா. இடம் வேணுமேன்னேன். அங்கதான் எங்க வீட்டுக்காரர் வாயை விட்டாரு. அவர் சித்தப்பா மகனுக்கு வலங்கைமான்ல ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. "மார்கழியில எவன் கல்யாணம் பண்றான்? பூட்டித்தான் கிடக்கும்"னாரு. சும்மா பேச்சுக்குச் சொன்னாரு. இவ பிடிச்சுக்கிட்டா.

இதோ, இப்ப வரும் பாருங்க. இந்தப் பக்கம். அந்த மஞ்சக் கட்டடம், வாசல்ல ரெண்டு சிமெண்ட் யானை. பாத்தீங்களா? போயிடுச்சு. அதுதான். நான் பாக்கலை, நீங்க பாத்தீங்கல்ல?

எங்ககூட ரேடியோவுல ஒலிப்பதிவு பண்ணிக்கிட்டிருந்த இருதயராஜ் வந்தாரு. ரிடையர் ஆகி ஏசுவே ஏசுவேன்னு இருந்த மனுஷன். தன் மைக்கையெல்லாம் பழைய வேட்டியில சுத்திக் கொண்டாந்தாரு. காலையில கோயில் ஸ்பீக்கர் நிக்கட்டும்னு காத்திருந்து மத்தியானமா ஆரம்பிச்சோம். அவ்வளவு பெரிய கூடம். மூலையில மணப்பந்தல் கம்பெல்லாம் அடுக்கிக் கிடக்கு. நடுவுல ஒரு ஜமுக்காளம். அதுல அவளும் அவ அம்மாவும். என்னை வாசக்கதவுகிட்ட நிக்கச் சொன்னாங்க, யாரும் உள்ள வராம பாத்துக்கறதுக்கு. என்னைப் போய்!

வலங்கைமான்ல வெடி செய்வாங்க, தெரியுமில்ல? பட்டாசு. யாரோ பின்னால வயக்காட்டுல வெடிச்சுப் பாக்கறாங்க. முதல் வெடிக்கு நான் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டேன். சுட்டுட்டாங்கன்னே நினைச்சேன். இருதயராஜ் போய் அவங்ககிட்ட கும்பிட்டுக் கேட்டுக்கிட்டு வந்தாரு. அப்புறம் நின்னுது.

வராளி எடுத்தா. உங்களுக்குச் சங்கீதம் பழக்கமில்லைன்னாலும் சொல்றேன். வராளி ராகத்தை குரு நேரா சிஷ்யருக்குச் சொல்லித் தரக் கூடாதுன்னு பழைய நம்பிக்கை ஒண்ணு உண்டு. சொல்லித் தந்தா ரெண்டு பேருக்கும் ஆகாம போயிடுமாம். பிறத்தியார் பாடக் கேட்டுத்தான் பிடிச்சுக்கணும். அவ அதை எடுத்தா. மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை. ஒத்தைக் குரல். முதல்ல தடவித் தடவித்தான் போனா, இருட்டுல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி. அப்புறம் கையை எடுத்துட்டா.

அப்பத்தான் கார் சத்தம்.

ரெண்டு பேரோட வந்தாரு மருமகன். யார் சொன்னாங்களோ தெரியாது. யானைகிட்ட செருப்பைக் கழட்டிட்டுப் படியேறி வராரு. நான் வாசக்கதவுல நிக்கறேன். ஓடிடணும்னுதாம்மா நினைச்சேன், சத்தியமா. கால் அசையலை. ரெண்டு காலும் மரத்துப் போயிடுச்சு. கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன், பிடிக்காட்டி விழுந்திருப்பேன். நான் வழி மறிக்கறேன்னு அவங்க நினைச்சுட்டாங்க. கூட வந்தவன், "தள்ளு"ன்னு வாயைத் திறந்தான். நான் உதட்டுல விரலை வெச்சு, "உஷ்"னுட்டேன்.

வேணும்னு செய்யலை. பதிவு ஓடறப்ப யாராவது வாயைத் திறந்தா என் விரல் தானா உதட்டுக்குப் போயிடும். அத்தனை வருஷப் பழக்கம். அந்த ஆளு என்னை ஒரு தள்ளுத் தள்ளியிருந்தா முடிஞ்சுது கதை. ஆனா மருமகன் அவன் தோள்ல கை வெச்சு நிறுத்திட்டாரு. அவரும் சங்கீதக் குடும்பம்தானே. பாடறப்ப நடுவுல போகக் கூடாதுன்னு ரத்தத்துல ஊறிப் போயிருக்கு. நின்னுட்டாரு. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்லை. அவர் மூச்சு என் மேல படுது. உள்ள அவ பாடிக்கிட்டே இருக்கா. எங்களைப் பாத்துட்டா, கண்ணு எங்க மேலதான் இருக்கு. குரல் ஒரு நூல் நகரலை. ஆலாபனை முடிஞ்சு கீர்த்தனை. அவர் கை தொடையில தாளம் போட ஆரம்பிச்சுடுச்சு. அது போடறது அவருக்கே தெரியாது. முடியற வரைக்கும் நான் நின்னேன். முடியக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டேன். பாட்டு ஓடற வரைக்கும்தானே எனக்குப் பாதுகாப்பு?

முடிஞ்சுது. இருதயராஜ் கையைக் காட்டினாரு. மருமகன் அதே மரியாதையோட, "வசுமதி, நீ பாடறதெல்லாம் மாமா சொல்லிக் குடுத்த பாடாந்தரம். அவர் அனுமதியில்லாம வெளியிட முடியாது. வக்கீலோட பேசியாச்சு"ன்னாரு.

"வராளி அவர் சொல்லித் தரலை. நானாக் கேட்டு எடுத்துண்டது"ன்னா.

"மத்ததெல்லாம்?"

அவ எழுந்தா. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டுக் கதவுகிட்ட வந்தா. சண்டை போடப் போறா, நடுவுல நான் சாகப் போறேன்னு நினைச்சேன். அவ ரொம்ப சாதாரணமா, வீட்டுல விசாரிக்கிற மாதிரிக் கேட்டா. "அண்ணா, மைத்ரேயி எப்படி இருக்கா? பாட்டு கத்துக்கறாளா?"

அவர் பொண்ணு. பெரியவரோட பேத்தி.

"ம்... கத்துக்கறா"ன்னாரு.

"யார்கிட்ட?"

அவர் வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டாரு. கூட வந்தவங்க அவர் முகத்தைப் பாக்கறாங்க. "யார்கிட்ட அண்ணா?"ன்னா மறுபடி.

"திருவான்மியூர்ல... ஒரு மாமிகிட்ட சேத்திருக்கோம்"னாரு.

"ஆத்துலயே அவ்ளோ பெரிய வித்வான் இருக்கச்சே, ஏன் அவ்ளோ தூரம் அனுப்பறேள்?"

நான் அந்தப் பக்கமே பாக்கலை, தரையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவர் காலு மட்டும் தெரிஞ்சுது. சுத்தமான காலு. கட்டை விரலைத் தரையில அழுத்தி அழுத்தி எடுத்தாரு. அப்புறம் திரும்பி நடந்தாரு. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டாரு, போட்டுக்கலை. கார் போயிடுச்சு.

எனக்கு அப்ப ஒண்ணும் விளங்கலை. பிள்ளை எங்க படிச்சா என்ன, இதுக்கு ஏன் இந்த மனுஷன் இப்படிப் போறாருன்னு நினைச்சேன். கோமளாம்மாதான் தம்புராவை மடியில வெச்சுக்கிட்டு, "தெரிஞ்சிருக்கு. ஆத்துல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. வசுமதி அழலை. "அடுத்ததைப் பாடிடறேன், குரல் சூடா இருக்கு"ன்னா.

தை மாசம் வெளியிட்டோம். இணையத்துல போட்டோம், பெரியவங்களுக்குன்னு கொஞ்சம் சிடியும் போட்டோம். வக்கீல் நோட்டீஸ் வரும் வரும்னு வாசல்லயே நின்னேன். வரலை. அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அதே வாரம் பெரியவருக்கு ஒரு பட்டம் குடுத்தாங்க, தங்கச் சங்கிலி போட்டாங்க. மெட்ராஸ்ல ஒரு சபாகூட இவளைக் கூப்பிடலை. பூங்கோதையை இஸ்கூல் வருஷக் கடைசியில, "இனிமே நாட்டிய வகுப்பு இல்லை"ன்னு அனுப்பிட்டாங்க. வேற டீச்சர் வந்திருக்காங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. அவ இப்ப வீட்டு மாடியில சொல்லித் தரா. என்கிட்ட பேசறா. தினம் பேசறா.

பாட்டை யாரு கேப்பாங்கன்னேனே? கேட்டாங்க. எங்கெங்கேயோ கேட்டாங்க. நாகர்கோயில்ல ஒரு காலேஜுல கூப்பிட்டுப் பாட வெச்சாங்க, வெறும் தம்புராவோட. சபேசன் போன் பண்ணினான். "அக்கா, முழுசாக் கேட்டேன், என் கை சும்மா இருக்க மாட்டேங்குது"ன்னான். வேற ஒண்ணும் சொல்லலை. அந்தப் பதிவுல ஒரு இடத்துல என் "உஷ்" லேசாக் கேக்கும். எடுத்துடுங்கன்னு இருதயராஜ்கிட்ட கெஞ்சினேன். "முடியாது, அதுதான் மிருதங்கம்"னுட்டாரு. அந்த மனுஷனுக்கு எப்பவும் கிண்டல்.

இப்ப மன்னார்குடிக்கு எதுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? ஆமாம், அதைச் சொல்லவே இல்லை.

போன வாரம் ஒரு போன். சாமியைக் கும்பிட்டுட்டு எடுத்தேன். ஒரு பொம்பளை. "கேள்வியா?"ன்னாங்க. "ஆமா"ன்னேன். அப்புறம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் வருது. எனக்குத்தான் மௌனம் ஆகாதே, "சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா"ங்கறேன். தேவசேனான்னு பேராம். கல்யாணத்துக்கு முன்னால பெரியவர்கிட்ட கத்துக்கிட்டவங்களாம். இப்ப அவங்களுக்கே காலேஜ் போற பொண்ணு இருக்காம். கல்யாணம் ஆனதும் பாட்டை விட்டுட்டாங்கன்னு எல்லாரும் சொல்வாங்களாம். "கல்யாணத்தால விடலைக்கா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம், "எனக்கு ஒரு தடவை பாடணும். பாடிட்டு, கடைசியில ரெண்டு வார்த்தை பேசணும். என் குரல்ல, என் பேர் சொல்லி"ன்னாங்க.

முடியாதுன்னு சொல்லத்தாம்மா போறேன். நெசமா. போன்ல சொன்னா மனசு கஷ்டப்படும், நேர்ல பக்குவமாச் சொல்லிடலாம்னுதான் இவ்வளவு தூரம் வரேன். ஒண்ணுக்கே நான் பட்டது போதாதா? இந்தத் தடவை ரெண்டு பேர் ஆயிடுவாங்க, அப்புறம் மூணு, நாலு. அவங்க சும்மா விடுவாங்களா? வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னாரு. "நானும் கூட வரேன்"னாரு. கிளம்பற நேரத்துல அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, பாவம்.

இந்தப் பையா? இதுல இருதயராஜோட மைக்கு இருக்கு. இல்லை, அது சும்மா. போறதுதான் போறீங்க, எதுக்கும் இருக்கட்டும்னு குடுத்து விட்டாரு. வலங்கைமான் மண்டபமும் ஆடி மாசம்கிறதால காலியாத்தான் இருக்காம், கேட்டு வெச்சிருக்கேன். கேக்கறதுல என்ன இருக்கு?

மன்னார்குடி வந்துடுச்சா? இவ்வளவு சீக்கிரமா? ஐயோ, நான் இன்னும் என்ன சொல்றதுன்னே யோசிக்கலையே. பச்சைப் புடவை கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வாசல்லயே நிப்பேன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுதா? எனக்குக் கண்ணாடி போட்டும் தூரம் மசமசன்னுதான் இருக்கு. அந்தப் பூக்கடைகிட்டயா? தூணோட ஒட்டிக்கிட்டு? ஆமா. அவங்கதான். ஒவ்வொரு பஸ்ஸா பாக்கறாங்க பாருங்க. யாராவது கிட்ட வந்தா தலைப்பை இழுத்து மூஞ்சியை மறைச்சுக்கறாங்க. கை பாருங்க, கை. இங்கேர்ந்தே தெரியுதே நடுங்கறது.

அடப்பாவமே. என்னை விடப் பயந்தவளா இருக்காளே.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்கம்மா, நான் சீக்கிரம் இறங்கணும்.